எங்களோடு நின்றுபோன கூட்டம்

போன வருடம் வரை நான் இரத்தினபுரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தேன். வெளிநாட்டு உதவியில் நடந்த திட்டம். தேயிலைத் தோட்டத்து மக்களையும் அவர்கள் ஓட்டுப் போட்ட பிரதேச சபை உறுப்பினரையும் மாதம் ஒருமுறை நேருக்கு நேர் உட்கார வைப்பதுதான் எங்கள் வேலை. றக்வானைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நடந்ததை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆரம்பத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சில மாதம் கழித்துத்தான் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா எழுந்தார். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரிகிறது, தடுப்புச் சுவர் எப்போது கட்டுவீர்கள் என்று சிங்களத்திலேயே பளிச்சென்று கேட்டார். உறுப்பினருக்கு வியர்த்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

போகும்போது அந்த அக்கா, "மிஸ், அடுத்த கூட்டத்த நாங்களே கூப்புட்டு, புள்ளைக்காம்பராவுல வச்சுக்கிறோமே" என்றார். கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் அந்தச் சின்ன அறையில் பேனர் கட்டவே இடமில்லை. பணம் தருகிறவர்களுக்குப் படம் அனுப்ப வேண்டுமே!

"வேணாம்க்கா, மண்டபம், சாப்பாடு எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டேன். உறுப்பினரை அழைப்பதும் எப்போதும் நாங்கள்தான்.

அடுத்த கூட்டம் நடக்கவே இல்லை. எங்கோ ஒரு நாட்டில் ஆட்சி மாறியது, உதவி நின்றது, எங்கள் அலுவலகத்தைப் பூட்டினார்கள். நானும் வேறு வேலை தேடி அலைந்தேன்.

அடைமழை விட்ட பிறகு, மனசு கேட்காமல் பஸ் பிடித்துப் போனேன். அந்த அக்கா சமைக்கும் குசினியை மண் மூடியிருந்தது. நல்ல வேளை, எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. குடும்பத்தோடு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்.

"ஏன்க்கா, அந்த உறுப்பினர்கிட்ட திரும்பப் போய்க் கேக்கலையா?" என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "கூட்டம் ஒங்களோடது தானேங்க மிஸ்? ஒங்களுக்கே காசு நின்னுபோச்சு. அப்புறம் நாங்க எப்படிக் கேக்குறது?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார்.

அந்தப் பணம் வராதிருந்தால் அவர் அன்று எழுந்து பேசியிருக்க மாட்டார், அது உண்மை. ஆனால் ஓட்டுப் போட்டவருக்குக் கேட்கும் உரிமை எப்போதும் உண்டு என்று சொல்லிக்கொடுக்கப் போன நானே, அதை எங்கள் திட்டத்தோடு வந்த சலுகை என்று அவரை நம்ப வைத்துவிட்டு வந்தேனே என்பது இன்றும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.