இன்னும் அறுக்காத பெட்டி

என் ஆறு வயது மகள் அந்தப் பெட்டிக்குள் என்ன போட்டாள்? பெட்டியைச் செய்தவள் நான். அதன் ஆறு பக்கங்களையும் இழைத்து ஒட்டியது என் கைதான். ஆனாலும் இதற்கு என்னிடம் விடை இல்லை.

கணவருக்குக் கத்தாரில், தோஹாவில் வேலை. ராஜா அண்ணாமலைபுரம் வீட்டில் நானும் மகளும் மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் ஓட்டவே முடியாது. அதனால் அடையாறில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் நடந்த மரவேலை வகுப்பில் சேர்ந்தேன். பணம் கட்டிய அன்றே, குழந்தையை நீச்சலில் சேர்க்காமல் எனக்கு எதற்கு இது என்று தோன்றியது. அவளையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். நான் இழைக்க, அவள் மரச்சுருள்களைப் பொறுக்கிக் காதில் மாட்டிக்கொண்டிருப்பாள்.

கற்றுக்கொடுத்தவர் என் வயதுப் பெண். ஒரே தேக்குப் பலகையை நான்காக அறுத்து, முனைகளைச் சாய்வாக இழைத்துச் சேர்த்தால், மர ரேகை நான்கு பக்கமும் அறுபடாமல் சுற்றி ஓடும் என்று காட்டினார். மூலைகளில் வெட்டுப் போட்டு, மெல்லிய கருமரச் சீவல்களைச் செருகினால் அதுவே அலங்காரம். எனக்கு வியப்பாக இருந்தது மூடிதான். அதைத் தனியாகச் செய்வதில்லை. மேலும் கீழும் பலகை ஒட்டிப் பெட்டியை முழுக்க அடைத்துவிட வேண்டும். பசை காய்ந்த பிறகு, மேலே இரண்டு விரல் விட்டுச் சுற்றிலும் அறுத்தால் மூடி பிரிந்து வரும்.

மேல்பலகையை ஒட்டும் முன், உள்ளே வழிந்த பசையை மூன்று முறை துடைத்தேன். கட்டுவதற்கு ரப்பர் பட்டை எடுக்கப் போனேன். திரும்பி வந்து, நான்காம் முறை பார்க்காமல் மூடிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பெட்டியைத் தூக்கியதும் உள்ளே டொக்கென்று ஏதோ உருண்டது.

“இன்னா மேடம், பொட்டிக்கு இன்னும் வாயே வெக்கல, அதுக்குள்ள சோறு போட்டுட்டீங்களா?” என்றார் ஆசிரியை.

நான் மகளைப் பார்த்தேன்.

“அது அப்பாவுக்கு,” என்றாள்.

“என்ன போட்டடி செல்லம்?”

“சொல்ல மாட்டேன். அப்பா வந்துதான் தொறக்கணும்.”

“நேரா வெச்சு அறுத்தா அது அடியிலயே கெடக்கும், ஒண்ணும் ஆவாது. அறுத்துடலாமா?” என்றார் ஆசிரியை.

அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு வந்தேன். வந்ததும் தேடினேன். அவள் தோடு இரண்டும் இருந்தன. அலமாரிச் சாவி இருந்தது. காணாமல் போனது எதுவும் இல்லை.

அன்று மாலை அவள் போனை பால்கனிக்கு எடுத்துப்போய், அப்பாவிடம் ரகசியமாக ஏதோ சொன்னாள். அவர் சிரிப்பது கேட்டது. பிறகு அவர் குரல் இறங்கியது; அவள் போனை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

“என்ன போட்டிருக்கா?” என்று அவரிடம் கேட்டேன்.

“ப்ராமிஸ் பண்ணிட்டேன்மா. நீ பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. நான் வர்ற வரைக்கும் இருக்கட்டுமே.”

அவர் அப்படிச் சொன்னதிலிருந்துதான் எனக்குப் பயம். பொங்கலுக்கு வருவதாக இருந்தார். இப்போது ஜூன் என்கிறார்.

காலையில் அவளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து, பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்க்கிறேன். அறுத்துப் பார்த்துவிட்டு ஒட்டிவைக்கவும் வழியில்லை. ரம்பம் போன இடத்தில் ஒரு நூல் அளவு மரம் தூளாகிவிடும். எப்படி ஒட்டினாலும் கோடு தெரியும். அவள் தினமும் அதைத் தடவிப் பார்க்கிறாள்.

போன வாரம் தலை பின்னும்போது மறுபடி கேட்டேன்.

“சொன்னா நீ அழுவ,” என்றாள், திரும்பாமல்.

அவளுக்கு முன்னால் நான் அழுததே இல்லை என்று நினைத்திருந்தேன்.

பெட்டியை ஜூன் வரை விட்டுவைக்கலாம். ஆனால் அதுவரை அவள் என்னிடம் மறைத்து வைத்திருப்பது அது ஒன்றைத்தானா? அம்மாவிடம் எதையும் சொல்லலாம், அம்மா தாங்குவாள் என்று ஆறு வயதுக் குழந்தையை நம்பவைப்பது எப்படி? உங்கள் வீட்டில் யாராவது இதைச் செய்திருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.