பத்தாவது வரிசை மொட்டைத் தலை

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சியின்போது நடந்தது இது. முந்தின நாள் அங்கிருந்து உறவுக்காரர் ஒருவர் சித்தூரில் இருக்கும் எனக்குப் போன் செய்தார். திருப்பதி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் பேத்தி ஒரு தெலுங்குப் பையனோடு சுற்றுகிறாளாம். கல்லூரி விழாவில் இவள் பரதமும் அவன் தப்பாட்டமும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சியாம். வேறு மொழி, வேறு சாதி.

“நாளைக்கு சினிமாவுக்குப் போறாங்க மாமா. பையன் மொட்டை போட்டுக்கினு இருக்கான், சுலபமா கண்டுபிடிச்சிடலாம்” என்று தியேட்டர் பெயரையும் சொன்னார்.

திருப்பதியில் மொட்டைத் தலை ஓர் அடையாளமா? அந்தப் பதற்றத்தில் அதுகூடத் தோன்றாமல் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. தியேட்டருக்குள் எண்ணியதில் பதினொரு மொட்டை. பத்தாவது வரிசையில் ஒரு மொட்டைக்குப் பக்கத்தில் மட்டும் என் பேத்தியுடையதைப் போலவே நீளப் பின்னல். பன்னிரண்டாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

படமும் அதே கதை. மேடையில் ஆடும் பெண், தெருவில் ஆடும் பையன், எதிர்க்கும் இரண்டு குடும்பங்கள். திரையில் அவர்கள் கைகோத்து ஆடும்போதெல்லாம் அந்தப் பின்னல் மொட்டைப் பக்கம் சாய்ந்தது. ஏழு முறை பொறுத்தேன். எட்டாவது முறை எழுந்து போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பெண் அலறினாள். அந்த நேரம் பார்த்து இடைவேளை விளக்குகள் எரிந்தன.

அவள் என் பேத்தி இல்லை. கழுத்தில் மஞ்சள் மாறாத தாலி. வேண்டுதலுக்கு வந்த வேலூர்ப் பக்கத்துப் புது ஜோடி.

“யோவ் பெருசு, யாரைப் புடிச்சிக்கினு இருக்க?” என்று எழுந்தான் அவன். பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். “எதுக்கு இழுத்த? சொல்லு!” என்று ஒருவன் கையை ஓங்கினான். காரணம் சொன்னால் பேத்தியின் பெயர் அத்தனை பேர் வாயிலும் விழும்.

“விடுங்கண்ணா! அவரு எங்க தாதய்யா.”

என்னைத் தெலுங்கில் தாத்தா என்று சொல்லிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவன் இன்னொரு மொட்டை. “கண்ணு சரியா தெரியாது. நான்னு நினைச்சி உங்களைப் புடிச்சிட்டாரு” என்று தன் தலையைத் தடவிக் காட்டினான். யாரோ சிரித்துவிட்டார்கள். ஓங்கிய கை இறங்கியது. நான் அந்தத் தம்பதியிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன்.

அவனுக்குப் பின்னால், பதினாறாவது வரிசையில், என் பேத்தி நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவன் கையைத் தாழ்த்தி, உட்காரு என்று அவளுக்கு ஜாடை காட்டினான்.

வராந்தாவில் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். “நீங்க உள்ள வந்தப்பவே பாத்துட்டோம் தாதய்யா. அவ சீட்டுக்குக் கீழ குனிஞ்சிக்கிட்டா. இன்டர்வெல்ல பின் கதவு வழியா ஓடிடலாம்னு இருந்தோம்.”

“அப்புறம் ஏன் ஓடல?”

“உங்களை அடிச்சிருப்பாங்களே.”

மீதிப் படத்தை அவர்களோடுதான் பார்த்தேன். நடு சீட்டை எனக்கு விட்டான். திரையில் என்ன ஓடியது என்று நினைவில்லை. என் இருபக்கமும் இரண்டு கைகள் ஒரே தாளத்தை நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

முன்பின் பேசாத என்னைத் தாத்தா என்று சொல்ல அவனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவனை எங்கள் பையன் என்று வீட்டில் சொல்ல, எண்ணிப் பார்த்தால் பதினொரு மாதமாக, எனக்கு இன்னும் வாய் வரவில்லை.