ஞானம்மாளின் காது

புதுப்பட்டினம் காலனியில் ஞானம்மாளுக்கு நல்ல பெயர் உண்டு. நல்ல மனசு என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்களுக்குச் சீட்டு போட்டு வைத்திருப்பாள், குழந்தைக்குத் தடுப்பூசி தள்ளிப்போனால் வாசலுக்கே வந்து திட்டுவாள். ஆனால் எதிர் வீட்டில் புதுசாக ஒரு மிக்ஸி வந்தால் அன்றைக்கு அவள் குழம்பில் உப்பு கூடிவிடும். "எனக்குக் கண்ணு கொஞ்சம் கூர்மை, அவ்ளோதான்" என்பாள்.

"கண்ணு இல்லமே, காதுதான் கூர்மை" என்பான் அவள் புருஷன் ராமதாஸ். "அடுத்த வூட்ல எவ்ளோ சத்தமா சிரிக்கிறாங்கன்னு கேட்டுகினே இருப்பே."

அவன் டவுன்ஷிப்பில் தண்ணீர் மோட்டார் போடுகிறவன், கோயில் பாட்டுக்கு டோலக் அடிக்கிறவன். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டிப் பெருக்குகிறவளாகச் சேர்ந்து பிறகு நிரந்தர அட்டெண்டர் ஆனவள். அப்பனும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் காலம் தள்ளியவர்கள். மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் அவள்தான். ஆனால் அவள் பெருமை சம்பளத்தில் இல்லை, குரலில் இருந்தது.

டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸுக்காகக் கோயில் பாட்டுக் குழு வீடு வீடாகப் போகும். கேரல் ரவுண்ட்ஸ். மழையில் நனைந்த ஜனம் ஒரு சின்ன அறைக்குள் நெருக்கியடித்து நின்று பாடும், வீட்டுக்காரர்கள் டீ கொடுப்பார்கள், சபைப் போதகரான ஐயர் ஜெபம் பண்ணுவார், அடுத்த வீடு. எப்போதோ ஒரு உபதேசியார் இந்தக் காலனிக்கென்றே கட்டிக்கொடுத்த பாட்டு ஒன்று உண்டு. நடுவில் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள, ஒற்றைக் குரல் மட்டும் மேலே போய், மாட்டுக்கொட்டகை என்ற வார்த்தையில் மெல்லக் கீழே இறங்க வேண்டும். இறங்குவதுதான் கஷ்டம். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து அந்த இறக்கம் ஞானம்மாளுடையது.

இரண்டாயிரத்து எட்டில்தான் அதே தெரு சந்திரம்மாவின் மகன் ஜெரோம், மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஷாரோனைக் கட்டிக்கொண்டு வந்தான். ஹாஸ்டலில் படித்த பெண். ஒரு ஞாயிறு ஆராதனையில் பாடினாள். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த டிசம்பரே ஒற்றைக் குரல் அவளுக்குப் போய்விட்டது. "நீங்க பக்கத்துலயே இருங்கம்மா, சின்னப் பொண்ணு, பயப்படும்" என்றார் ஐயர். பயப்படுகிற மூஞ்சியா அது? ஞானம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்து கேட்டாள். பிழை ஒன்று கிடைக்காதா என்று வருஷம் முழுக்கக் கேட்டதில், ஷாரோன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள், எந்த எழுத்தில் தொண்டையைத் தளர்த்துவாள் என்பது அவளைப் பெற்றவளைவிட ஞானம்மாளுக்கு அத்துப்படி.

இரண்டாயிரத்து ஒன்பது டிசம்பர். பன்றிக் காய்ச்சல் என்று ஊரே மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு திரிந்த வருஷம். ஷாரோன் மாசமாக இருந்தாள், வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. ரவுண்ட்ஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் கோயிலில் பயிற்சி. ஷாரோன் மேலே போனாள், இறங்கினாள். கடைசிப் படியில் குரல் லேசாக உரசியது, ஈரச் சுவரில் நகம் பட்டது மாதிரி. வேறு யாருக்கும் கேட்கவில்லை. ஐயர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஞானம்மாளுக்கு உடம்பே சிலிர்த்தது. பாட்டுப் புத்தகத்தை வாங்குகிற சாக்கில் அவள் விரலைத் தொட்டாள். சுட்டது.

'நாளைக்கு உடைஞ்சிடும்' என்று நினைத்துக்கொண்டாள். அத்தனை ஜனத்துக்கு முன்னால், முதல் வீடான டீச்சர் வீட்டுக் கூடத்தில், மாட்டுக்கொட்டகையில் இறங்கும்போது பொட்டென்று உடையும். ஐயர் திரும்பிப் பார்ப்பார். யாரைப் பார்ப்பார்?

வீட்டுக்கு வந்து வஞ்சிர மீன் குழம்பு வைத்தாள். பாடிக்கொண்டே வைத்தாள்.

"இன்னாமே, இன்னிக்கி உப்பு சரியா கீது?" என்றான் ராமதாஸ். "யாருக்கு இன்னா ஆச்சு?"

"உன் வாய்ல மண்ணு. சாப்புடு."

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் காய்ச்சல்காரர்களைத் தனியாக உட்கார வைத்து, ஆளுக்கொரு முகமூடி கொடுத்துக்கொண்டிருந்தாள். கோவளத்திலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு கர்ப்பிணியைத் தூக்காத குறையாகக் கூட்டி வந்தார்கள். காய்ச்சல் வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. கஷாயத்தில் சரியாகும் என்று வைத்திருந்தார்களாம். அந்தப் பெண் ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று இழுத்தாள், உதடு நிறம் மாறியிருந்தது. டாக்டர் ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்சில் செங்கல்பட்டுக்கு அனுப்பினார். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துப் போன ஞானம்மாள், அந்தப் பெண்ணின் கை நழுவித் தொங்கியதை எடுத்து வயிற்றின்மேல் வைத்தாள். அந்தக் கையும் சுட்டது.

வண்டி திரும்புவதற்குள் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

சந்திரம்மா வாசலில் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"சந்திரக்கா, ஷாரோன் எங்க?"

"உள்ள படுத்துகினு கீது. மழைல நனைஞ்சிச்சி. மிளகு ரசம் குடுத்தேன், சாயந்தரத்துக்குள்ள சரியாப் பூடும்."

"ஜுரம் கீதா?"

"லேசா."

"பாட்டுக்கு அனுப்பாதே. டாக்டரைப் பாக்கணும். இப்பவே."

சந்திரம்மா மாவுக் கையை உதறி எழுந்தாள். "நெனச்சேன்டி. நீ படி ஏறும்போதே நெனச்சேன். போன வருஷத்துலேர்ந்து உன் வயிறு எரியறது ஊருக்கே தெரியும். அதுக்குன்னு என் மருமவளுக்கு நோயைக் கட்டிவுடுவியா?"

"எரியுது. இல்லன்னு சொன்னனா? என் வயிறு எரிஞ்சா நான் பாத்துக்கறேன். மாசமா இருக்கற பொண்ணு ஜுரத்துல படுத்துகினு கீது, நீ அதைப் பாரு."

கதவோரம் ஷாரோன் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "டெஸ்ட்டே எடுக்காம பன்னிக் காய்ச்சல்னு எப்டிக்கா சொல்றீங்க?"

"நான் சொல்லல. எந்தக் காய்ச்சல்னு எனக்கு இன்னா தெரியும்? டெஸ்ட்டு இப்ப எல்லாருக்கும் எடுக்கறதில்ல. மூச்சு வாங்கி அட்மிட் ஆனவங்களுக்குத்தான் தொண்டைல குச்சி வுட்டு எடுத்து மெட்ராசுக்கு அனுப்பறாங்க. அது திரும்பி வர்றதுக்குள்ள மாத்திரை போட வேண்டிய நேரம் பூடும். மாசமா இருக்கறவங்க அதுக்காகக் காத்துகினு இருக்கக் கூடாதுன்னு டாக்டர் தெனம் தொண்டை கிழியக் கத்தறாரு."

ஷாரோன் இருமினாள். இருமி முடித்து, நேராகப் பார்த்தாள். "நான் வரலன்னா யாரு பாடுவாங்க?"

இதைத்தான் கேட்பாள் என்று ஞானம்மாளுக்கு வழியெல்லாம் தெரியும். என்ன சொல்வது என்றுதான் தெரியாமல் வந்திருந்தாள்.

"நான் பாடல" என்றாள். சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று உறைத்தது. "நேத்து உன் பக்கத்துல ஒட்டிகினு உக்காந்தேன். தெனம் காய்ச்சல்காரங்க நடுவுல நிக்கறேன். நானும் வூடு வூடாப் போவக் கூடாது. போதுமா? செருப்பைப் போடு."

சந்திரம்மா மாவுக் கையைக் கழுவினாள். உள்ளே போய் மருமகளுக்குச் சால்வை எடுத்துவந்தாள்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார். அன்றைக்கே மாத்திரை தொடங்கச் சொன்னார். காலையும் ராத்திரியும், ஐந்து நாள், நடுவில் நன்றாக இருக்கிறதென்று நிறுத்தக் கூடாது. தனி அறை, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முகமூடி, தனி டம்ளர். மூச்சு வாங்கினாலோ பிள்ளை அசைவு குறைந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

ஞானம்மாள் அங்கிருந்து ஐயர் வீட்டுக்குப் போனாள். இருமுகிறவர்கள், சளி பிடித்தவர்கள், ஜெரோமும்கூட, வீட்டில் இருக்கட்டும். மற்றவர்கள் தெருவில் நின்று பாடட்டும், வீட்டுக்குள் நுழைய வேண்டாம், டீ வேண்டாம் என்றாள். ஐயர் ஒத்துக்கொண்டார். டீ இல்லை என்பதில்தான் குழுவுக்குப் பெரிய பேஜாரு.

"அப்போ அந்த ஒத்தைக் குரல்?" என்று ஐயர் கேட்டார்.

"யாரையாவது பாட வைங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். தெருமுனை தாண்டியதும்தான் அழுகை வந்தது. ஆத்திர அழுகை.

ரவுண்ட்ஸ் நாலு சாயங்காலம் நடக்கும். கடைசி நாளில்தான் அவர்கள் தெரு. மழை விட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, டோலக் சத்தம் தெருவுக்குள் வந்தது. ஞானம்மாள் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நாலு வீடு தள்ளி எதிர்ச்சாரியில் சந்திரம்மா வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. முகமூடியோடு ஷாரோன் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டிருந்தது.

ஒற்றைக் குரல் இடம் வந்தது. எல்லோரும் வாயை மூடினார்கள். டோலக்கை நிறுத்திவிட்டு ராமதாஸ் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான்! இதை அவன் வீட்டில் சொல்லவே இல்லை. மேலே போகிறபோதே தெரு நாய் ஒன்று எழுந்து உட்கார்ந்தது. மாட்டுக்கொட்டகையில் அவன் இறங்கவில்லை, விழுந்தான்.

ஞானம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். ஜன்னலில் ஷாரோனும் அதே நொடியில் காதைப் பொத்தியிருந்தாள். இரண்டு பேர் கண்களும் சந்தித்தன. ஷாரோனின் தோள் குலுங்கியது. ஞானம்மாளுக்கும் துண்டுக்குள் சிரிப்பு பீறிட்டது.

குழு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. தெரு அடங்கியதும் ஜன்னலிலிருந்து அந்த வரி வந்தது. பாடவில்லை, முனகல்தான். மேலே போகாமல் கீழ்ப்பாதியை மட்டும், தனக்குத்தானே. ஞானம்மாள் அசையாமல் நின்று கேட்டாள். முதல் படி, இரண்டாவது. உரசல் வருமா என்று கடைசிப் படியில் காதை வைத்துக் காத்திருந்தாள்.

வரவில்லை. வழுக்கிக்கொண்டு இறங்கியது.

'அஞ்சு நாள் மாத்திரை இன்னும் முடியல, அதுக்குள்ள பாரேன் பாவிப் பொண்ணு' என்று வயிறு குபுகுபுவென்று எரிந்தது. ஆனால் அந்தக் குரலில் மூச்சு எங்கேயும் அறுபடவில்லை என்பதையும் அதே காது கேட்டு வைத்துக்கொண்டது.

"ஏய், பாடாதே! தொண்டை புண்ணாவும்!" என்று கத்தினாள். "ராத்திரி மாத்திரை போட்டியா?"

"இனிமேதான்க்கா!"

"போட்டுட்டு வாயை மூடிகினு படு."

உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு அதிகம். ராமதாஸ் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்குத் தன் பாட்டைப் பற்றி அவள் என்ன சொல்வாளோ என்ற பயம்.