அடித்துவிட்ட மூன்று கம்பிகள்

சோதனைக்கூடத்தில் அவளுக்குக் ‘கொலைகாரி’ என்று பெயர். பொருத்தமான பெயர்தான். மின்னணுச் சில்லுகளுக்குள் ஓடும் செம்புக் கம்பிகளைச் சாகடிப்பதே பதினாறு வருடமாக அவளுடைய ஆராய்ச்சி. தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய கம்பியை முந்நூறு டிகிரிச் சூட்டில் வைத்து, தாங்க முடியாத மின்சாரத்தைச் செலுத்துவாள். எலெக்ட்ரான்கள் செம்பு அணுக்களை முட்டித் தள்ளும். தள்ளிய இடத்தில் பள்ளம் விழும். பள்ளம் பெருத்துக் கம்பி அறும். எத்தனை மணி நேரத்தில் செத்தது என்று தெரிந்தால், சாதாரணச் சூட்டில் எத்தனை வருடம் உழைக்கும் என்று சொல்லிவிடலாம்.

அந்தத் தொழிலில் ‘குழந்தைச் சாவு’ என்று ஒரு சொல் உண்டு. மற்றவை நானூறு மணி நேரம் தாங்கும்போது ஒன்பதாவது மணியிலேயே அறுந்துபோகும் கம்பிக்கு அந்தப் பெயர். மின்சாரம் செலுத்தும் ஊசி சரியாகத் தொட்டிருக்காது என்று சொல்லிப் பட்டியலில் அதை அடித்துவிடுவார்கள். குழந்தை செத்தால் ஏன் என்று கேட்காமல், பிறக்கவே இல்லை என்று எழுதிவிடுவது எவ்வளவு வசதி.

சென்ற வருடம் நாற்பது கம்பிகளில் மூன்று அப்படிச் செத்தன. வெட்டி நுண்ணோக்கியில் பார்த்திருக்க வேண்டும். அவள் பார்க்கவில்லை. சிவப்பு மையால் மூன்றையும் அடித்தாள். அந்த வகைச் சில்லு, தகடு அழுத்தும் இயந்திரங்களின் காவல் பெட்டிக்குள் போனது. உள்ளே ஆள் கை இருந்தால் இயந்திரத்தை இறங்கவிடாமல் தடுப்பது அந்தப் பெட்டிதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது தடுக்கவில்லை. தகட்டைச் சரிசெய்யக் குனிந்தவனை இயந்திரம் தோள்வரை நசுக்கியது. ஆம்புலன்ஸ் வருமுன் செத்துவிட்டான். இயந்திரத்தை ஓட்டியவர் அவளுடைய அக்கா கணவர். காவல் பெட்டியை அவர்தான் கழற்றிவிட்டார் என்று சொல்லி, செத்தவனின் கூட்டாளிகள் இரும்புக் குழாயால் அவருடைய தாடையையும் விலாவையும் உடைத்தார்கள். மிச்சத்தைப் போலீஸ் பார்த்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டினார்கள்.

வராந்தாவில் அக்கா அவளைக் கண்டதும் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

“அந்தப் பெட்டி ஏமாத்தாது மாமான்னு சொன்னவ நீதானேடி? உன் பேச்ச நம்பித்தானே மிஷின் பெடல மிதிச்சாரு.”

“மாமா கழட்டலக்கா. எனக்குத் தெரியும்.”

“என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? விலங்கு போட்டவங்ககிட்ட போய்ச் சொல்லு.”

விபத்தான பெட்டியின் சில்லு சோதனைக்கு அவளிடமே வந்தது. வெட்டினாள். இரண்டு அடுக்குகளை இணைக்கும் செம்புத் தூணின் அடியில் ஓட்டை. அலமாரியில் கிடந்த பழைய மூன்றில் ஒன்றை வெட்டினாள். அதே இடம், அதே ஓட்டை. மற்ற இரண்டையும் தட்டோடு எடுக்கும்போது மேலதிகாரி வந்து நின்றார். எதற்கெடுத்தாலும் சராசரி கேட்பதால் அவருக்குச் ‘சராசரி’ என்றே பெயர்.

“பதினோரு மணிக்கு போலீஸ் விசாரணை. இப்பப் போய் இந்தக் குப்பையக் கிளறுவாங்களா?”

“குப்பை இல்ல சார். அந்தாளக் கொன்னது இதுதான்.”

“நாப்பதுல மூணு. சராசரி ஆயுள் இருபது வருஷம் வருதில்ல? அவன் விதி முடிஞ்சது, போயிட்டான்.”

“விதி எந்த அடுக்குல சார் இருக்கு? வெட்டிப் பாத்துடறேன்.”

அவர் தட்டைப் பிடுங்கினார். அவள் விடவில்லை. அவள் தலையைப் பிடித்து அலமாரிக் கதவில் மோதினார். இரும்பு இழுப்பறையை அவள் வலது கை விரல்கள் மேல் ஓங்கிச் சாத்தினார். விரல் முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. அவர் மணிக்கட்டை அவள் கடித்தாள், பல் எலும்பில் படும்வரை. அவர் தட்டை விட்டார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அன்று சொல்லைக் காப்பாற்றியதே பல்தான்.

ரத்தம் சொட்டும் கையோடு விசாரணை அறைக்குள் நுழைந்தவளைப் பார்த்து இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார்.

“யாரும்மா அடிச்சது?”

“நான்தான் சார் அடிச்சேன். மூணையும்.”

அவர் கேட்டது கையைப் பற்றி என்று அவளுக்கு உறைக்கவேயில்லை. சிவப்புக் கோடு போட்ட பட்டியலை மேஜையில் விரித்து, எந்த ஓட்டை, எந்த இடம் என்று சொல்லிக்கொண்டே போனாள். மாமா எதையும் கழற்றவில்லை என்பது அவருக்குப் புரியக் கால்மணி நேரம் ஆனது.

“எழுதிக் கையெழுத்துப் போட்டா கேஸ் உங்க மேலயும் வரும்.”

“பேனா குடுங்க. இடது கையால போடறேன்.”

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விலங்கைக் கழற்றச் சொன்னார். மணிக்கட்டில் கைக்குட்டை சுற்றியிருந்த சராசரி பொறுமையாக ஆரம்பித்தார்.

“மூணே மூணுதான் சார். சராசரியா எடுத்துப் பாத்தா…”

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த செத்தவனின் மனைவி எழுந்து வந்தாள்.

“எனக்கு இருந்தது ஒருத்தன்தான்யா. அவனுக்கு எப்படிப் போடுவ சராசரி?”

இரும்பு நாற்காலி அவர் முகத்தில் இறங்கியது. காவலர்கள் எட்டிப் பிடிப்பதற்குள் இன்னொரு முறையும்.