இறக்கம் பார்த்து நிறுத்திய ஜீப்பு

பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது; இனி அது தானாகக் கிளம்பாது. அதனால் பென் டிரைவிலிருந்து புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை வெளியே மாட்டிய ஒரு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தேன். “முடியுற வரைக்கும் வயரத் தொடாதீங்கப்பா” என்று சொல்லிவிட்டு மகள் டியூஷனுக்குப் போனாள். டிஸ்க் மேசையில் முனகிக்கொண்டிருந்தது.

அப்பா ஓட்டிய எஸ்டேட் ஜீப்பும் தானாகக் கிளம்பாது. செல்ஃப் எடுக்காது, இறக்கத்தில் உருட்டிவிட வேண்டும். மலைமேல் போடிமெட்டில் எங்கே நிறுத்தினாலும் மூக்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி, முன்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுப்பார். அடிவாரத்துப் போடிக்கு இறங்கினால்தான் சிக்கல். ஊருக்குள் எல்லாம் சமதளம்.

ஒருமுறை அம்மா காய்ச்சல் முற்றி நினைவு தப்பிவிட்டாள். போடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிவரலாம் என்றார் டாக்டர். அப்பா எஞ்சினை அணைக்காமல் வாசலிலேயே ஜீப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“வண்டிய அமத்துங்கண்ணே, உள்ள நோயாளிக இருக்காக” என்றார் வாட்ச்மேன்.

“அமத்துனா வெரசாக் கெளம்ப முடியாது தம்பி.”

டீசல் புகையும் ஜீப்பில் கிடந்த ஏலக்காய்ச் சாக்கின் வாசனையும் அம்மாவின் கட்டில் வரை வந்தன. பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் வாசலுக்குப் போய், இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்பா சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

சத்தம் நின்றதும் அம்மா கண்விழித்தாள். கட்டிலருகே நின்ற என்னிடம், “ஒங்கப்பா என்னைய விட்டுட்டுப் போயிட்டாகளா?” என்றாள்.

டிஸ்க்கின் முனகல் நின்றது. திடுக்கிட்டு நிமிர்ந்தேன். வேலை முடிந்துதான் நின்றிருந்தது.