போத்தலில் இருந்த கடைவாய்ப்பற்கள்

ஜாம் போத்தலுக்குள் பஞ்சின்மேல் கிடக்கும் அந்தக் கடைவாய்ப்பற்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். யுத்தகாலத்தில் அக்காவும் நானும் கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். நான் கந்தோருக்கு வேலைக்குப் போய்வந்தேன். அக்கா விலங்கியல் இறுதி வருடம். பற்களை எடுத்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஆட்டின் பல்லில் முகடுகள் பிறை பிறையாக இருக்கும், புல் அரைப்பதற்கு. நாயினுடையது கத்திபோல. பன்றிக்கு மட்டும் தாழ்ந்து உருண்ட முகடுகள், கிடைத்ததையெல்லாம் மெல்ல. "எங்கட பல்லும் இந்த மாதிரித்தான்" என்று என் வாயைத் திறக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

வீட்டுக்கார அம்மா சுத்த சைவம். குப்பையில் முட்டைக்கோது கிடந்தாலே வீடு இரண்டுபடும். அவர் கோயிலுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் வாங்கிவந்த பன்றித் தாடையை அக்கா எங்கள் மண்ணெண்ணெய்க் குக்கரில் அவித்துப் பற்களைக் கழற்றினாள். பிறகு போத்தலைக் கண்டு அவர் விசாரித்தபோது, மனிதப் பல், படிப்புக்கு ஆஸ்பத்திரியில் தந்தது என்று சொல்லிவிட்டாள். பன்றி என்றால் அன்றைக்கே நடுத்தெருதான். மனிதப் பல் அவருக்குப் பரவாயில்லையாம்.

செய்முறைப் பரீட்சையன்று விடியற்காலையில் பொலிஸ் சோதனைக்கு வந்தது. அதிகாரி போத்தலைத் தூக்கிப் பார்த்தார். பன்றிப் பல் என்று அக்கா சிங்களத்தில் சொன்னாள். அவர் நம்பாமல் வீட்டுக்கார அம்மாவிடம் உடைந்த தமிழில் கேட்டார்.

"மனுசப் பல்லுத்தான் சேர். பிள்ளைதானே எனக்குச் சொன்னவ."

அக்காவை ஜீப்பில் ஏற்றினார்கள். பன்றிப் பல்லில் பெரிய முகடுகளுக்கிடையே சின்னச் சின்ன முகடுகளும் இருக்கும், மனிதப் பல்லில் அப்படி இராது, எண்ணிப் பாருங்கள் என்று ஸ்டேஷனில் மன்றாடியிருக்கிறாள். யார் கேட்டது? மறுநாள் வந்த வைத்தியர் போத்தலைக் கையில் எடுத்ததுமே சிரித்தாராம். அதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. அடுத்த வருடம் எழுதலாம் என்றார்கள். அக்கா அதற்குப் பிறகு புத்தகத்தையே திறக்கவில்லை. அந்த வைத்தியரின் சிரிப்புக்கு நான் யாரிடம் போய்க் கணக்குக் கேட்க?

வீடு திரும்பியபோது வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றார். கட்டிப்பிடித்து அழப்போகிறார் என்று நினைத்தேன். செய்தி எங்களுக்கு முன்னே வந்திருந்தது.

"என்ர வீட்டுக்குள்ளயோ பண்டி அவிச்சனீங்கள்? சாமான்களை எடுங்கோ."

ஒரு இரவு முழுக்க அடைபட்டிருந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட அவர் கொடுக்கவில்லை.

போத்தலை எறியச் சொல்லி அக்கா தொலைபேசியில் சண்டை பிடிப்பாள். எறியமாட்டேன். இப்போது சொந்த வீட்டில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவேன், பன்றிப் பல் என்று.