பத்து மெஷினுக்குப் பச்சை ரிப்பன்

டயாலிசிஸ் வார்டில் அவளுக்குப் பெயர் கறாரக்கா. டெக்னீஷியன் வேலையில் பதினான்கு வருடம். நோயாளி ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்துவிட்டு வந்தாலும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் யாரும் கட்டிலில் ஏறியதில்லை. ஆனால் ஒருவருடைய முறையும் தவறியதில்லை. முறை தவறினால் ரத்தத்தில் கழிவு ஏறும், மூச்சு முட்டும், இதயம் நின்றாலும் நின்றுவிடும். இது அவளுக்குத் தெரியும். வெளியுறவுத் துறைக்குத் தெரியாது.

வார்டில் இருந்த பத்து மெஷினும் ஒரு வல்லரசு கொடுத்த அன்பளிப்பு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் அந்த நாட்டின் நீலக்கொடி ஒட்டியிருக்கும். ஆறு மாதத்துக்கு முன் அரசாங்கம் துறைமுகத்தை இன்னொரு வல்லரசிடம், பச்சைக்கொடிக்காரர்களிடம், குத்தகைக்கு விட்டது. நீலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. பச்சைக்கு உச்சி குளிர்ந்து, புத்தம் புதிதாகப் பத்து மெஷின் அனுப்பியது. இதற்கு ராஜதந்திரம் என்று பெயராம். இரண்டு சம்பந்திகள் ஒரே குழந்தைக்குச் சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, இன்றைக்கு யாருடையதைப் போட்டிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதைத்தான் கோட்டு சூட்டு போட்டுச் செய்கிறார்கள்.

புதன்கிழமை மத்தியானம் வெளியுறவு அமைச்சகத்து அதிகாரி வந்தார். நீலக்கொடிகளைப் பார்த்ததும் தேள் கொட்டியவர் போலத் துள்ளினார்.

"நாளைக்குப் பச்சை நாட்டுத் தூதர் வர்றார். இது ஒண்ணுகூட அவர் கண்ணுல படக்கூடாது."

பழைய மெஷின்கள் படுக்கை விரிப்பு அடுக்கும் கோடவுனுக்குப் போயின. புதியவை வந்து வரிசையாக நின்றன. அவற்றின் தண்ணீர்க் குழாய் வாய் இந்தச் சுவரில் இருக்கும் வாய்க்குப் பொருந்தவில்லை. அதை மாட்ட அந்த நாட்டு இன்ஜினியர் அடுத்த வாரம்தான் வருவாராம்.

"சார், நாளைக்குக் காலையில பத்து பேருக்கு முறை இருக்கு," என்றாள் கறாரக்கா.

"நாளன்னிக்கு வரச் சொல்லிடும்மா, ஒரு நாள்தானே," என்றார் ஆஸ்பத்திரி சூப்பிரண்டு. நாளன்றைக்கு மட்டும் எந்த மெஷின் ஓடும் என்று அவரும் யோசிக்கவில்லை, அதிகாரியும் யோசிக்கவில்லை.

அவள் புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் சாப்பிடுவதை நிறுத்தினார். "நீ வாயைத் திறக்காத. என் கேட் பாஸ்ல இப்ப பச்சை முத்திரைதான் இருக்கு."

"உங்க பாஸ் உங்ககிட்ட இருக்கட்டும். என் வார்டை விடுங்க."

வியாழன் காலை அவள் ஆஸ்பத்திரி கேட்டுக்கு ஓடியபோது ஒன்பது பேரைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. பத்தாவது நோயாளியான லாரி டிரைவர் மட்டும் வாட்ச்மேன் சட்டையைப் பிடித்தபடி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றிருந்தார். வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "திரும்பிப் போறப்ப அந்தத் தையல்காரம்மா உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல, நாளைக்கு வர்றேன்னு."

டிரைவரை உள்ளே கூட்டிவந்தாள். அதிகாரி முகம் மலர்ந்தது. "நல்லவேளை, பத்திரிகைப் படத்துக்கு ஒரு ஆள் வேணும். புது மெஷின் பக்கத்துல படுக்க வைங்க. ஊசியெல்லாம் வேண்டாம், கையில டியூபை டேப் போட்டு ஒட்டினா போதும்."

டிரைவர் கட்டிலில் சாய்ந்து, தானாகவே சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டினார். "அப்பாடா. நீங்க இருக்கீங்க, இனிமே பயமில்லக்கா."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டேப்பைத் தரையில் வீசினாள். நேரே கோடவுனுக்குப் போய், ஆயாவையும் சேர்த்துக்கொண்டு ஒரு பழைய மெஷினை இழுத்து வந்தாள். அடுத்ததை எடுக்கத் திரும்புவதற்குள் அதிகாரி கோடவுனைப் பூட்டிச் சாவியைச் சூப்பிரண்டு கையில் திணித்துவிட்டார்.

"வேலை போயிடும், தெரியுமா?"

"போகட்டும். இவர் போகக்கூடாது."

தூதர் ஒரு மணி நேரம் தாமதம். அதற்குள் மெஷினைக் கழுவி, சோதித்து, ஊசி போட்டு ஓடவிட்டாள். வாசலில் கார்ச் சத்தம் கேட்டதும் அதிகாரி விழாவுக்கு வைத்திருந்த பச்சை ரிப்பனில் ஒரு முழம் வெட்டி, நீலக்கொடியை மறைத்துப் பூப்போல முடிச்சுப் போட்டார். தூதர் வந்தார், டிரைவரின் கையைப் பிடித்தார், சிரித்தார், போனார்.

வெள்ளிக்கிழமை பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே அந்தப் படம். பச்சை நாட்டின் மெஷின் ஓர் உழைப்பாளியின் உயிரைக் காப்பாற்றியது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அவள் அதை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கே சூப்பிரண்டு அறைக்குள் போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"பொய்யிலயாவது ஒரு மெஷின் ஓடுது சார். மத்த ஒன்பதுக்கும் நானே ரிப்பன் கட்டிடறேன். சாவியைக் குடுங்க."

அவர் பத்திரிகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ரிப்பன் சுருளையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

பத்து மணிக்குள் பத்து மெஷினும் பழைய இடத்தில் நின்றன. ஒவ்வொரு நெற்றியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு ரிப்பன் கட்டினாள். நேற்றுத் திரும்பிப் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக, வீங்கிய முகத்தோடு வந்து படுத்தார்கள். எட்டுப் பேர். அவசரமாக எல்லோருக்கும் ஊசி போட்டுவிட்டுக் கடைசிக் கட்டிலுக்கு வந்தவள், காலியான தலையணையைப் பார்த்துவிட்டுத் தையல்காரம்மா வீட்டுக்குப் போன் போட்டாள். மகன் எடுத்தார்.

"விடியக்காலம் மூச்சு நின்னுடுச்சுக்கா. வண்டி பிடிக்கக்கூட நேரமில்ல. நேத்து ராத்திரி முழுக்க, காலையில அக்கா பார்த்துக்குவாங்கன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க."

போனை வைத்தாள். கடைசி மெஷினில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்தாள். அதை எடுத்துக்கொண்டு சூப்பிரண்டு அறைக்குப் போனபோது அந்த அதிகாரியும் அங்கே உட்கார்ந்து, அதே படத்தை யாருக்கோ போனில் அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய போன்மேலேயே ரிப்பனை வைத்தாள்.

"ஒண்ணு மிச்சம் சார்," என்றாள்.